மொழியைக் காப்பாத்த காலேஜ் பீஸை ஏத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

கனடாவுல கியூபெக் மாநில அரசு பிரெஞ்சு மொழியைக் காப்பாத்தணும்னு சொல்லி இங்கிலீஷ் யூனிவர்சிட்டிகள்ல பீஸை ஏத்தினதையும், அது கோர்ட் வரைக்கும் போனதையும் போன இதழ்ல ஒரு சின்ன பெட்டிச் செய்தியா போட்டிருந்தோம். அதுக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருந்து மட்டும் இத்தனை கடிதம் வரும்னு எதிர்பார்க்கல, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: பிரெஞ்சு பல நாட்டுல பேசற மொழி. அதுக்கே ஆபத்துன்னு சொன்னா தமிழ் மாதிரி மொழியெல்லாம் என்ன சொல்றது? மொழிக்காக மாணவன் பாக்கெட்டுல கை வைக்கிறது நியாயமா?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தருமபுரி

வணக்கம் ஐயா. உலகம் பூரா எத்தனை பேர் பேசறாங்கன்றதை விட, நம்ம ஊர்ல நம்மள சுத்தி யார் இருக்காங்கன்றதுதான் ஒரு மொழிக்கு முக்கியம். கியூபெக்ல சுமார் 90 லட்சம் பேர் இருக்காங்க, அதுல பெரும்பாலானவங்க வீட்ல பிரெஞ்சு, ஆனா கீழ அமெரிக்கா, பக்கத்துல கனடாவோட மத்த மாநிலம், எந்தப் பக்கம் திரும்பினாலும் இங்கிலீஷ்தான். 2016 சென்சஸ்ல கியூபெக்ல வீட்ல முக்கியமா பிரெஞ்சு பேசறவங்க 79 சதவீதம், 2021ல அது 77.5. அஞ்சு வருஷத்துல ஒன்றரை சதவீதம்தானேன்னு வெளிய இருந்து நாம சொல்லிடலாம், ஆனா அந்த மொழிக்காரனுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கிற கணக்கு, நமக்கு அது புரியாம போகாது.

இன்னொரு பழைய காயமும் இருக்கு. 1960கள்ல கியூபெக்கோட பெரிய நகரமான மான்ட்ரியல்ல பெரும்பான்மை பிரெஞ்சுக்காரங்கதான், ஆனா கம்பெனி முதலாளியும் மேனேஜரும் இங்கிலீஷ், மேல போகணும்னா இங்கிலீஷ் வேணும். அப்ப மத்திய அரசு போட்ட ராயல் கமிஷன்ற விசாரணைக் குழுவே சொல்லிச்சு, கியூபெக்ல வருமானத்துல பிரெஞ்சுக்காரங்க கிட்டத்தட்ட கடைசி வரிசைலதான் இருக்காங்கன்னு. வெளிநாட்ல இருந்து குடியேறி வந்தவங்களும் தன் புள்ளைய இங்கிலீஷ் ஸ்கூல்லதான் சேர்த்தாங்க. சொந்த மண்ணுல சொந்த மொழி வயித்துக்கு சோறு போடலன்னா எந்த ஜனம் சும்மா இருக்கும்? அதுக்குப் பிறகுதான் 1977ல கியூபெக் முதல்வர் ரெனே லெவெக் ஆட்சில பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்துது, அங்க அதை இன்னிக்கும் 101ம் நம்பர் சட்டம்னுதான் சொல்றாங்க. ஆபீஸ், கடை போர்டு, வேலை எல்லாத்துலயும் பிரெஞ்சு, குடியேறி வர்றவங்க புள்ளைங்க பிரெஞ்சு ஸ்கூலுக்குத்தான் போகணும். சட்டம் கடுமைதான், ஆனா வேலை செஞ்சுது. இன்னிக்கு மான்ட்ரியல்ல வியட்நாம், ஹைட்டி, லெபனான், நம்ம ஈழத்தமிழ்க் குடும்பத்துப் புள்ளைங்க பிரெஞ்சு சரளமா பேசுதுன்னா அந்தச் சட்டம்தான் காரணம். 2022ல 96ம் நம்பர் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து அதை இன்னும் இறுக்கினாங்க.

இதுவரைக்கும் நான் அவங்க பக்கம்தாங்க. எனக்கு ஒத்துக்க முடியாதது 2023 அக்டோபர்ல நடந்தது. கனடாவோட மத்த மாநிலத்துல இருந்து மெக்கில், கான்கோர்டியா, பிஷப்ஸ்னு இருக்கிற 3 இங்கிலீஷ் யூனிவர்சிட்டிக்கு வர்ற பசங்க வருஷத்துக்கு சுமார் 9,000 டாலர் கட்டிட்டு இருந்தாங்க, அதை ஒரேயடியா 17,000 ஆக்கறோம்னு அரசு அறிவிச்சுது, பெரிய சத்தம் வந்தப்புறம் டிசம்பர்ல 12,000க்கு இறங்கி வந்தாங்க. கூடவே ஒரு கண்டிஷன், அப்படி வர்ற பசங்கள்ல 80 சதவீதம் பேர் படிச்சு முடிக்கறதுக்குள்ள பிரெஞ்சுல நடுத்தர அளவாவது தேறணும், தேறாட்டி யூனிவர்சிட்டிதான் பதில் சொல்லணும். அரசோட வாதம் என்னன்னா, இவங்க படிப்புக்கு எங்க வரிப்பணம் போகுது, படிச்சு முடிச்சதும் ஊருக்கு கிளம்பிடறாங்க, இருக்கிற வரைக்கும் மான்ட்ரியல் தெருவுல இங்கிலீஷ்தான் பேசறாங்க.

வரிப்பணம் பத்தி கேக்கறதுல தப்பே இல்ல. ஆனா 2024ல மெக்கிலும் கான்கோர்டியாவும் கோர்ட்டுக்குப் போக, 2025 ஏப்ரல்ல சுப்பீரியர் கோர்ட் நீதிபதி எரிக் துஃபூர் என்ன சொன்னார்னா, இந்தப் பசங்க பிரெஞ்சு சமூகத்தோட ஒட்டலன்னு சொல்றதுக்கு அரசுகிட்ட உருப்படியான ஆதாரம் இல்ல, அந்த 80 சதவீத கண்டிஷனும் நியாயமில்ல, 9 மாசத்துல திருத்துங்கன்னு. எனக்கு அந்த ஆதாரம்ன்ற வார்த்தைதான் முக்கியமா படுது. 1977 சட்டத்துக்குப் பின்னாடி வருமானக் கணக்கு, ஸ்கூல் கணக்கு எல்லாம் இருந்துச்சு, 2023 முடிவுக்குப் பின்னாடி பயம் மட்டும்தான் இருந்துச்சு, அந்தப் பயத்துக்கான பில்லை மொழிக்கு எந்தக் கெடுதலும் நினைக்காத 18 வயசுப் பையன்கிட்ட கொடுத்தாங்க. பணம் உள்ளவன் 12,000 கட்டிட்டு பிரெஞ்சு ஒரு வார்த்தை பேசாமயே படிச்சுட்டுப் போவான், பிரெஞ்சு கத்துக்கணும்னு நிஜமாவே ஆசைப்பட்ட நடுத்தர வீட்டுப் புள்ளைதான் வேற ஊருக்குப் போகும். இதுல பிரெஞ்சுக்கு என்னங்க லாபம்?

இதே அரசு உருப்படியா இன்னொண்ணும் செஞ்சுது, அதையும் சொல்லணும். 2022ல அறிவிச்சு 2023ல ஆரம்பிச்ச ஒரு திட்டத்துல, மான்ட்ரியலுக்கு வெளிய சின்ன ஊர்கள்ல பிரெஞ்சு மொழிலயே நர்சிங், கம்ப்யூட்டர் மாதிரி ஆள் பத்தாத படிப்பு படிக்க வர்ற வெளிநாட்டுப் பசங்களுக்கு உள்ளூர்க்காரங்க கட்டற பீஸே போதும்னு சலுகை கொடுத்தாங்க. இங்க பீஸை இறக்கி மொழிக்கு ஆள் சேர்க்கறாங்க, அங்க பீஸை ஏத்தி ஆளைத் துரத்தறாங்க. முதல் வழியை நான் கை தட்டி வரவேற்பேன்.

கேள்வி: என் பையன் மெட்ரிக் ஸ்கூல்ல பிளஸ் டூ முடிச்சிருக்கான், லாங்குவேஜ் பிரெஞ்சு எடுத்து 97 மார்க். ஓசூர்ல ஒரு ஏஜென்ட், பிரெஞ்சு தெரிஞ்ச பையன் கியூபெக் போனா ராஜ மரியாதை, சீக்கிரமே பி.ஆர். (நிரந்தரமா தங்கற உரிமை) கிடைக்கும்னு சொல்றார். மாந்தோப்பு பத்திரத்தை பேங்க்ல வெச்சு அனுப்பலாமா?
– ஒரு அம்மா, காவேரிப்பட்டணம்

அம்மா, நீங்க கடிதத்தோட வெச்சு அனுப்பின அந்த ஒரு பக்க எஸ்டிமேட் ஜெராக்ஸை நிதானமா படிச்சேன். மேல ட்யூஷன் பீஸ், அதுக்குக் கீழ கியூபெக் அக்செப்டன்ஸ் சர்டிபிகேட் (அங்க படிக்க மாநில அரசு தர்ற அனுமதி), விசா, மெடிக்கல், பிளைட் டிக்கெட், கடைசில சர்வீஸ் சார்ஜ். வீட்டு வாடகைன்னு ஒரு வரி இல்ல. சாப்பாடு இல்ல. குளிர்காலத்துல மைனஸ் 20 போற ஊர்ல போட்டுக்கற துணிக்கு ஒரு வரி இல்ல. காலேஜ் பேர் எழுத வேண்டிய இடத்துல "மான்ட்ரியல் காலேஜ்"னு மட்டும் பேனால எழுதியிருக்கு. இந்த ஒரு காகிதத்தை நம்பி தோப்பு பத்திரத்தை வெளிய எடுக்காதீங்க. இது நான் உங்க கூடப்பிறந்தவனா நினைச்சு சொல்றது.

முதல்ல பிரெஞ்சு மார்க் விஷயம். நம்ம ஊர்ல பிளஸ் ஒன்ல தமிழை விட்டுட்டு பிரெஞ்சு எடுக்கறது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும், மார்க் சுலபமா வரும்னுதான். ரெண்டு வருஷம், கிராமர் கட்டம், மனப்பாடம் பண்ண பதில், பரீட்சைல அப்படியே எழுதறது. பையன் மேல குத்தமில்ல, அவன் கேட்ட பாடத்தை நல்லாதான் படிச்சிருக்கான். ஆனா கியூபெக்ல பிரெஞ்சு மொழிலயே பாடம் நடத்தற யூனிவர்சிட்டிக்கு கேக்கறது பொதுவா பி2 லெவல், அதாவது வாத்தியார் வேகமா பேசறதைக் கேட்டு புரிஞ்சு நோட்ஸ் எடுத்து, எதிர்த்து நாலு வார்த்தை வாதம் பண்ற அளவு. பிளஸ் டூ பிரெஞ்சு அதுக்கு முந்தின ஆரம்பப் படிக்கட்டு. பையனை பிரெஞ்சு எவ்ளோ தெரியும்னு சோதிக்கற டி.இ.எஃப் அல்லது டி.சி.எஃப் பரீட்சையோட மாதிரி வினாத்தாள்ல, காதால கேட்டு பதில் சொல்ற பகுதியை மட்டும், ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, ஒரு மணி நேரத்துல அவனுக்கே தெரிஞ்சிடும்.

அடுத்தது பீஸ். கனடாக்காரங்களுக்கு ஏத்தின அதே நேரத்துல, வெளிநாட்டுப் பசங்களுக்கு டிகிரி படிப்புல குறைஞ்சபட்சம் வருஷத்துக்கு 20,000 கனடா டாலர்னு அரசு ஒரு தரை ரேட் போட்டுச்சு, அதுல ஒரு பங்கு பிரெஞ்சு யூனிவர்சிட்டிகளுக்குப் போற மாதிரி ஏற்பாடு. நம்ம பணத்துல 12 லட்சத்துக்கு மேல, அதுவும் குறைஞ்சபட்சம்தான். பெரிய யூனிவர்சிட்டில இன்ஜினியரிங், கம்ப்யூட்டர்னா அதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல போகும். பிரான்ஸ் நாட்டுப் பசங்களுக்கு கியூபெக் தனிச் சலுகை வெச்சிருக்கு, நமக்கு அது கிடையாது, பிரெஞ்சு பேசத் தெரிஞ்சா போதும் சலுகை வந்துடும்னு ஏஜென்ட் சொல்லியிருந்தா அது தப்பு, அது பாஸ்போர்ட்டைப் பார்த்து கொடுக்கறது.

இதைவிட முக்கியமா ஒண்ணு. "மான்ட்ரியல் காலேஜ்"னு எழுதியிருக்கே, அது யூனிவர்சிட்டியா, அரசு மானியம் வாங்கற காலேஜா, இல்ல மானியமே இல்லாத தனியார் காலேஜான்னு எழுத்துல கேளுங்க. ஏன்னா மானியம் இல்லாத தனியார் காலேஜ்ல 2023 செப்டம்பருக்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்கு, படிச்சு முடிச்சு வேலை பாக்கற பர்மிட் கிடையாது. அதுக்கு முன்னாடி 2022 ஜனவரில கியூபெக்ல இந்த மாதிரி 3 தனியார் காலேஜ் கடன்ல மாட்டி திடீர்னு மூடி, பெரும்பாலும் பஞ்சாப், ஹரியானாவுல இருந்து வந்த பசங்க, இன்னும் சிலர் இங்க இருந்தே ஆன்லைன்ல படிச்சுட்டு இருந்தவங்க, கட்டின பணத்தோட தெருவுல நின்னாங்க. அவங்க அப்பா அம்மாவும் நிலத்தை வெச்சுதான் அனுப்பினாங்க.

பையனுக்கு பிரெஞ்சு மேல நிஜமா ஆசை இருந்தா அதை விட்டுடாதீங்க, இங்க டிகிரில சேருங்க, பக்கத்துல பெங்களூர்ல பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கற அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கு, ஆன்லைன் கிளாஸும் இருக்கு, டிகிரி முடியறதுக்குள்ள பி2 வாங்கிட்டான்னா அப்ப அவன் எந்த ஏஜென்ட் வாசல்லயும் நிக்க வேண்டியதில்ல.

கேள்வி: எங்க வீட்ல தெலுங்கு. தாத்தா காலத்துல இருந்து ஓசூர்தான். கியூபெக்ல இங்கிலீஷ்காரங்களுக்கு நடந்தது தப்புன்னு எழுதறீங்க, இங்க எங்க புள்ளைங்களுக்கு பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயம்னு சொன்னது மட்டும் சரியா?
– வாசகர், ஓசூர்

கேக்க வேண்டிய கேள்வி அண்ணே, நேராவே கேட்டதுக்கு நன்றி.

2006ல தமிழ் கற்றல் சட்டம் வந்துச்சு, ஒண்ணாம் வகுப்புல ஆரம்பிச்சு வருஷத்துக்கு ஒரு வகுப்பா ஏறி 2015–16ல பத்தாவதுக்கு வந்துது. அப்பதான் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது மீடியத்துல படிச்ச புள்ளைங்க, தமிழ் சரியா சொல்லிக் கொடுக்க வாத்தியாரே இல்லாம பொதுத்தேர்வுல தமிழ் பேப்பர் எழுதணும்ன்ற நிலைமை. அதனாலதான் மொழிச் சிறுபான்மை ஸ்கூல்லாம் கோர்ட்டுக்குப் போயி விலக்கு வாங்குச்சு. தமிழ்நாட்ல பொறந்து வளர்ற புள்ளைக்கு தமிழ் படிக்க எழுதத் தெரியணும்ன்றதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, தெரியலன்னா தாலுகா ஆபீஸ்ல மனு எழுத இன்னொருத்தன் கிட்ட போய் நிக்கறதும், டி.என்.பி.எஸ்.சி எழுத முடியாம போறதும் அந்தப் புள்ளைதான். ஆனா கட்டாயம்னு சொல்ற அரசு முதல்ல தெலுங்கும் தமிழும் தெரிஞ்ச வாத்தியாரை அந்த ஸ்கூல்ல உக்கார வைக்கணும், உக்கார வெச்சு பத்து வருஷம் சொல்லிக் கொடுத்துட்டு அப்புறம் பரீட்சை வைக்கட்டும். கியூபெக்ல இப்ப பெரியவங்களுக்கு அரசே இலவசமா பிரெஞ்சு கிளாஸ் நடத்துது, அதுக்குன்னே தனி அமைப்பு வெச்சிருக்காங்க. நம்ம பக்கம் வட மாநிலத்துல இருந்து வந்து சிப்காட்ல வேலை பாக்கற குடும்பங்களுக்கு சாயங்காலம் ஒரு இலவச தமிழ் கிளாஸ் எல்லா ஏரியாவுலயும் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்.

உங்க வீட்டுத் தெலுங்குக்கும் இங்க உரிமை இருக்கு. மெக்கில் 1821ல ஆரம்பிச்சது, அதை நேத்து வந்தவன் மாதிரி நடத்தினது எனக்கு வருத்தம். அதே மாதிரி நூறு இருநூறு வருஷமா இங்க இருக்கிற உங்களை வெளியூர்க்காரன்னு யாரு சொன்னாலும் அது தப்பு. தமிழுக்கு ஆபத்து உங்க வீட்டு அடுப்படில இருந்து வரல.

கேள்வி: நான் ஒண்ணாவதுல இருந்து தமிழ் மீடியம், இப்ப காலேஜ் செகண்ட் இயர். கூடப் படிக்கறவங்க தமிழ் மீடியம்னா கிண்டல் பண்றாங்க. கியூபெக் மாதிரி நம்ம அரசு தமிழ்ல படிச்சவங்களுக்கு பண உதவி ஏன் செய்யல?
– மாணவி, பென்னாகரம்

செய்யுதும்மா, நீ வாங்கிட்டே கூட இருக்கலாம். 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சுது, அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கும் நீட்டினாங்க. பையங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து தமிழ்ப் புதல்வன். பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் சரியா சேர்ந்திருக்கான்னு பாரு, நிறைய பேருக்கு அதுலதான் பணம் நிக்குது, காலேஜ்ல இந்தத் திட்டத்தைப் பாத்துக்கற நோடல் ஆபீசர் ஒருத்தர் இருப்பார், கேளு.

இதைவிடப் பெருசு 2010ல வந்த சட்டம், மாநில அரசு நேரடி வேலைல 20 சதவீதம் தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு. 2020ல அதைத் திருத்தி, டிகிரி மட்டும் தமிழ்ல படிச்சா போதாது, பள்ளிக்கூடத்துல இருந்தே தமிழ் மீடியமா இருக்கணும்னு ஆக்கினாங்க. நீ ஒண்ணாவதுல இருந்து தமிழ் மீடியம், ஆனா டிகிரி எந்த மீடியம்னு எழுதல, டிகிரி தகுதி வேலைக்கு அதுவும் தமிழ்லயே இருக்கணும், பிளஸ் டூ தகுதி, பத்தாவது தகுதி வேலைக்கு உன் பள்ளிக்கூட சர்டிபிகேட்டே போதும். படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் தமிழ் மீடியத்துல படிச்சதுக்கு சர்டிபிகேட் இப்பவே வாங்கி வெச்சுக்கோ, வேலைக்கு அப்ளை பண்ற நேரத்துல ஹெட்மாஸ்டர் மாறிட்டார், ரெஜிஸ்டர் கிடைக்கலன்னு அலையற பசங்களை நிறைய பாக்கறேன்.

எனக்கு இந்த 20 சதவீதம் ரொம்பப் பிடிச்ச சட்டம். யாரு பீஸையும் ஏத்தல, யாரையும் அடிக்கல, தமிழ்ல படிச்சா உனக்கு வேலை இருக்குன்னு சொல்லுது. மொழிக்காக அரசு பணம் செலவு பண்றதுன்னா இப்படித்தான் பண்ணணும். குறை என்னன்னா காலேஜ் லெவல்ல தமிழ்ல நல்ல புத்தகம் போதாது, அண்ணா யூனிவர்சிட்டில 2010ல தமிழ் மீடியத்துல சிவில், மெக்கானிக்கல் ஆரம்பிச்சும் கூட்டம் சேரலன்னா அதுக்கு ஒரு காரணம் புத்தகம், இன்னொரு காரணம் இன்டர்வியூக்கு வர்ற கம்பெனி. அரசு வேலைல 20 சதவீதம் கொடுக்கிற மாதிரி தனியார்ல யாரும் கொடுக்கறதில்ல.

கிண்டல் பண்றவங்களைப் பத்தி கவலைப்படாத கண்ணு. இங்கிலீஷ் தனியா கத்துக்கலாம், நீ செகண்ட் இயர்தான்.

கேள்வி: கியூபெக்ல பீஸ் ஏத்தினா அங்க பசங்க போராட மாட்டாங்களா?
– வாசகர், அரூர்

போராடினாங்க, அதுவும் நாடே நின்னு பார்த்த போராட்டம். 2012ல ழான் ஷாரே அரசு உள்ளூர்ப் பசங்க பீஸை 2,168 டாலர்ல இருந்து 5 வருஷத்துல 3,793 ஆக்கப் பார்த்துச்சு. மாசக்கணக்குல கிளாஸ் புறக்கணிப்பு, சட்டையில சின்ன சிவப்புத் துணி குத்திக்கிட்டு லட்சக்கணக்கான பேர் தெருவுல, ராத்திரில வீட்டு வாசல்ல பாத்திரத்தைத் தட்டி சத்தம். செப்டம்பர் தேர்தல்ல அந்த ஆட்சி போச்சு, அடுத்து வந்த பொலின் மாருவா அரசு ஏத்தினதை ரத்து பண்ணுச்சு. 2023ல ஏத்தினது வெளி மாநிலப் பசங்களுக்கு, அங்க ஓட்டு இல்லாதவங்களுக்கு. மெக்கில், கான்கோர்டியா பசங்க ஊர்வலம் போனாங்க, ஆனா 2012ல வந்த அந்தக் கூட்டம் வரல.

கேள்வி: பிரான்ஸ்ல படிப்பு கிட்டத்தட்ட ஃப்ரீன்னு சொல்றாங்களே, உண்மையா? பர்கூர்ல மெக்கானிக்கல் பைனல் இயர்.
– மாணவர், கிருஷ்ணகிரி

தம்பி, 2019 வரைக்கும் உனக்கும் பாரிஸ்காரனுக்கும் அரசு யூனிவர்சிட்டில ஒரே பீஸ்தான், மாஸ்டர்ஸ் வருஷத்துக்கு 243 யூரோ. அந்த வருஷம் ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு மட்டும் 3,770 யூரோன்னு ஏத்தினாங்க, இப்ப இன்னும் கொஞ்சம் கூடியிருக்கு. ஆனா நிறைய யூனிவர்சிட்டிங்க இதை ஏத்துக்காம, தங்களுக்கு இருக்கிற அதிகாரத்தை வெச்சு வெளிநாட்டுப் பசங்களுக்கு முழுசாவோ பாதியாவோ விலக்கு கொடுத்தாங்க. அதனால நீ தேடறப்ப ரேங்க் மட்டும் பாக்காம, அந்த யூனிவர்சிட்டி விலக்கு கொடுக்குதான்னு அவங்களுக்கே மெயில் போட்டு கேளு. விலக்கு இல்லாட்டி கூட கியூபெக் தரை ரேட்டோட பார்த்தா பல மடங்கு குறைவுதான். தனியார் இன்ஜினியரிங் ஸ்கூல், பிசினஸ் ஸ்கூல் இதுல சேராது, அங்க பீஸ் வேற மாதிரி.

இங்கிலீஷ்ல பாடம் நடத்தற மாஸ்டர்ஸ் இருக்கு, 2013ல சட்டத்தையே தளர்த்தி அதுக்கு இடம் கொடுத்தாங்க. ஆனா கம்பெனில இன்டர்ன்ஷிப்னு போறப்ப பிரெஞ்சு இல்லாம கதவு பாதிதான் திறக்கும், பைனல் இயர்ல இருந்தே ஏ1, ஏ2ன்ற ஆரம்ப லெவல் பிரெஞ்சை ஆரம்பிச்சுடு. விசாவுக்கு மாசம் 615 யூரோ வீதம் ஒரு வருஷத்துக்கு பணம் காட்டணும், அப்ளிகேஷன் எல்லாம் கேம்பஸ் பிரான்ஸ்ன்ற பிரெஞ்சு அரசு அமைப்பு வழியா போகும், ஏஜென்ட் தேவையே இல்ல.